வேலிக்கு அப்பால்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள இச்சிற்றூரின் பெருமாள் கோவிலில் நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்டது அது. அக்கோவிலைச் சார்ந்து அந்நாளில் இயங்கிய ஆதுலசாலையைப் பற்றி அது விரிவாகச் சொல்கிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கைகள்; ஒரு மருத்துவர்; அறுவை செய்வோர் ஒருவர்; பணிவிடை செய்யும் பெண்கள்; இவர்களோடு, மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சும் ஆட்கள் இருவர். இருப்பில் இருந்த மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஆடாதோடையும் கடுக்காயும் வில்வமும் அப்பெயர்களில் இன்றும் மணக்கின்றன.

மூலிகை தேடிச் சென்ற அந்த இருவரை நாம் எண்ணிப் பார்க்கிறோம். எந்தச் செடி எந்தக் கரையில் வளரும், எந்தப் பருவத்தில் பறிக்கலாம் என்பதெல்லாம் அறிந்தவர்கள் அல்லவா அவர்கள்! இன்று அவர்கள் கூடையோடு மீண்டும் இறங்கி வந்தால் எதைக் காண்பார்கள்? ஆற்று மணலில் சீமைக்கருவேல் புதர். ஏரிக்கரைகளிலும் வாய்க்கால்களிலும் இளம் ஊதா மலரேந்திய நெய்வேலிக் காட்டாமணக்கு. நீர் தேங்கிய இடங்களில் ஆகாயத்தாமரை. இவற்றுள் ஒன்றையேனும் அவர்கள் பெயர் சொல்லி அழைக்க இயலாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. முதலாவதை விறகுக்கென்று கொண்டுவந்தார்கள். மற்ற இரண்டும் வீட்டுக்கும் வேலிக்கும் அழகு சேர்க்க வந்தவை.

இதைப் பிறர் குறையாகச் சொல்லிவிட்டு நகர நமக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு வாசலில், சிமெண்டுத் தொட்டி ஒன்றில் ஆகாயத்தாமரை வளர்த்தோம். உறவினர் ஒருவர் அன்போடு தந்த செடிகள் இரண்டே இரண்டு. அந்த மலரின் மேலிதழில் மயிற்பீலியின் கண்ணைப் போல் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்புவோர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். விரைவிலேயே தொட்டி நிறைந்தது. மிகுந்ததை அள்ளிக் கொல்லைப்புறத்து வாய்க்காலில் விட்டோம். உயிருள்ள செடியைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. அதை இரக்கம் என்றே எண்ணினோம்.

இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. அவ்வாய்க்கால் சென்று சேரும் ஏரியின் மதகருகே, மார்பளவு நீரில் நின்றுகொண்டு நால்வர் அதே செடியை அரிந்து கரையேற்றிக்கொண்டிருந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர், "யாரு வூட்டுத் தொட்டியிலேர்ந்து வந்துச்சோ ஐயா, எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுடுச்சு" என்றார். வலை வீச இடமில்லை. நீருக்குள் வெயில் இறங்கவில்லை. மீன்கள் மூச்சு முட்டி மிதந்தன. மதகு அடைபட்டதால் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. அது நம் தொட்டியிலிருந்துதான் வந்ததா? உறுதியாகச் சொல்ல இயலாது. இல்லை என்று மறுக்கவும் இயலாது. அன்று நாம் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்திலிருந்தே இக்கேள்வி பிறந்தது: ஒருவர் தம் வேலிக்குள் விரும்பி வைத்த செடி, வேலிக்கு அப்பால் விளைக்கும் கேட்டிற்கு அவர் எவ்வளவு பொறுப்பாளி?

"என் மண், என் செடி, இதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது?" என்பார் உண்டு. அழகை நாடுவது பாவமன்று என்றும் அவர்கள் சொல்வார்கள். உண்மைதான், வயல்வெளி மலர்களைச் சுட்டிக்காட்டிப் போதித்தவர் நம் ஆண்டவர். ஆனால் செடி பட்டா பார்த்து வளர்வதில்லை. உண்ணிச்செடியின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைக் கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவில் அழகுச்செடியாக வைத்தனர். பறவைகள் அதன் கனியைத் தின்று விதையை எங்கும் தூவின. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பின் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவியிருப்பதாகக் கணக்கிட்டது. ஆகாயத்தாமரையின் கதையும் இதுவே. வங்காளத்தின் ஆறுகளையும் நெல்வயல்களையும் அது மூடியதால், 1936இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தனிச்சொத்து பொதுநலனுக்குக் கடன்பட்டது என்னும் திருச்சபையின் சமூகப் போதனை, ஆலைக்கும் நிலவுடைமைக்கும் மட்டுமன்றி ஒரு தொட்டிச் செடிக்கும் பொருந்தும் போலும்.

இதற்கு நேர்மாறாக, "அயல்நாட்டுச் செடி அனைத்தையும் வேரோடு பிடுங்கி எறி" என்று முழங்குவோரும் உண்டு. அவர்கள் சற்றுத் தம் அடுக்களையைப் பார்க்கட்டும். மிளகாய், தக்காளி, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாம் கடல் கடந்து வந்தவையே. பல்லுயிர் குறித்துப் பன்னாட்டு அறிஞர் குழு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர் இடம்பெயர்த்த தாவர இனங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடே ஆக்கிரமித்துக் கேடு செய்பவை. 'அந்நியம்' என்ற சொல் எத்துணைக் கூரியது என்பதைத் தமிழகக் கிறித்தவராகிய நாம் அறிவோம்; நம் நம்பிக்கையை நோக்கியும் அது வீசப்பட்டதுண்டு. ஆகவே செடியிடம் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பது போதாது. "வந்த இடத்தில் அண்டை அயலோடு எப்படி வாழ்கிறாய்?" என்றே கேட்க வேண்டும். மிளகாய் நம்மோடு வாழக் கற்றது. ஆகாயத்தாமரையோ, தகுந்த சூழலில் ஏறத்தாழ இரண்டே வாரங்களில் இரட்டிப்பாகி, பிறவற்றுக்கு இடமே விடுவதில்லை.

களைகள் உவமையை நினைவூட்டி, "அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்றல்லவா வீட்டுத் தலைவர் சொன்னார்?" என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவ்வுவமை மனிதரைத் தீர்ப்பிடும் நம் அவசரத்தைக் கண்டிக்க வந்தது. தோட்டக் கலைக்கு விதி சொல்ல வந்ததன்று. மேலும், கோதுமைக்கு ஊறு நேரக்கூடாது என்ற கவலையே அத்தலைவரின் பொறுமைக்குக் காரணம். இன்னொரு வேறுபாடும் உண்டு. உவமையில் ஆட்கள் தூங்கும்போது பகைவன் வந்து விதைத்தான். இங்கே பகைவன் எவனும் வரவில்லை. பட்டப்பகலில், விழித்திருந்து, அன்போடு விதைத்தவர்கள் நாமே.

"அறியாமல் செய்தோம்" என்பது ஓரளவே நம்மைக் காக்கும். முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை வேறு, முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை வேறு என்பது திருச்சபையின் ஒழுக்கவியல் நமக்குக் கற்பிக்கும் வேறுபாடு. 1936இல் வங்கத்து உழவருக்குத் தெரிந்திருந்த ஒன்று, இன்று நமக்குத் தெரியவில்லை என்றால் நாம் கேட்டறியவில்லை என்றே பொருள். நம் மாநிலமும் 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கை வகுத்துவிட்டது.

இதில் நம்மை மிகவும் உறுத்துவது, பூவைக் கண்டு மகிழ்ந்தவர் ஒருவர், சுமையைச் சுமப்பவர் வேறொருவர் என்பதே. பங்களாத் தோட்டத்தில் உண்ணிச்செடி வைத்தவர் காட்டில் வாழவில்லை. மேய்ச்சல் நிலம் இழந்தவர் மலைவாழ் மக்கள். இன்று அதை வெட்டி அகற்றுகிறவர்களும் அவர்களே. கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அந்தக் குச்சிகளைக் கொண்டு ஆளுயரத்துக்கும் மேலான யானை உருவங்களைச் செய்தனர். 2021இல் அவை இலண்டன் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. கேட்டிலிருந்தும் நன்மை காணும் அவர்கள் திறமை போற்றுதற்குரியது. ஆனால் அத்திறமை, செடியை நட்டவரின் பொறுப்பைக் கழித்துவிடாது.

அப்படியானால் பூந்தோட்டமே வேண்டாமா? வேண்டும். தமது தோட்டத்தின் ஒரு பகுதியை, காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தாமே வளரும்படி உழாமல் விட்டுவிடச் சொன்னாராம் அசிசியின் புனித பிரான்சிஸ். 2015இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதை எடுத்துக்காட்டுகிறார். நம் மண்ணுக்கு இட்லிப்பூ உண்டு, நந்தியாவட்டை உண்டு, மகிழம் உண்டு, தொட்டிக்கு அல்லி உண்டு. அயற்செடி ஒன்றை வாங்குமுன் அது எப்படிப் பரவும் என்று நாற்றுப்பண்ணையில் கேட்கலாம். பழுத்து விதை சிந்துவதற்கு முன்பே கிளையைக் கழிக்கலாம். வேண்டாத செடியை நீரிலோ புறம்போக்கிலோ விடாமல், வெயிலில் நன்கு உலர்த்தி மட்க வைக்கலாம். இவை பெரிய தவங்கள் அல்ல.

பின்னொரு நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு நாமும் அந்த ஏரியில் இறங்கினோம். ஒரு முற்பகல் முழுதும் அரிந்தும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கே நீர் தெரிந்தது. கரையேறிய பின், வாய்க்காலில் செடியை விட்டதை அம்முதியவரிடம் சொன்னோம். அவர் சினம் கொள்ளவில்லை. சற்று நேரம் நீரையே பார்த்திருந்துவிட்டு, "இப்போ தொட்டியில என்ன வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அல்லி என்றோம். "முன்னே இந்த ஏரி பூரா அதுதான் ஐயா" என்றார்.

அடுத்த முறை ஒரு செடியைக் கையில் வாங்கும்போது, நம் வாசலின் அழகோடு, நீரோட்டத்தின் கீழே வாழும் அயலாரின் முகமும் நம் கண்முன் வரட்டும்.