பெயரும் பிணையும்

சீனன்குடாவின் மா ஆலையையும் சீமெந்து ஆலையையும் நம்பி வாழும் தொழிலாளிக்கு ஈடு வைக்க நிலமில்லை. அவரிடம் ஈடாக எஞ்சியிருப்பது அவரது பெயர் ஒன்றே. கடையில் கொப்பி எழுதிச் சாமான் பெற்ற நாளில் அந்தப் பெயரைக் கடைக்காரர் முகத்தோடு அறிந்திருந்தார். இன்று அது ஓர் இலக்கமாகச் சுருங்கிவிட்டது.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் பிறந்த ஆண்டையும் நாளையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும். பெண்ணாயின் நாளின் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். மறைவே இல்லாத இவ்விலக்கத்தை ஒரு மந்திரச் சாவியாகப் பாவிக்கிறது கடன் உலகம். சிம் அட்டைக்கும் தவணைச் சாமானுக்கும் நுண்கடனுக்கும் நாம் அட்டையின் பிரதியைக் கொடுக்கிறோம். அது பின்னர் யார் கைக்குப் போகிறது என்பதை எவரும் நமக்குச் சொல்வதில்லை.

அப்பிரதியைக் காட்டி ஒருவன் வேறொருவர் பெயரில் கடன் பெறுகிறான் என்று கொள்வோம். ஏமாந்தது யார்? தன் முன்னே நின்றவன் யாரென ஆராயாமல் பணம் கொடுத்த நிறுவனமே. ஆனால் ‘நான் வாங்கவில்லை’ என்று நிரூபிக்க வேலைநாளை இழந்து அலைபவர் கடனே வாங்காத தொழிலாளி. இதில் நீதி எங்கே?

சுமையை நிறுவனத்தின்மீது ஏற்றினால் அது ஏழைக்குக் கடன் தர மறுக்கும், அவர் வட்டிக்காரனிடம் போவார் என்பர் சிலர். அந்த அச்சம் வெறுமையானதன்று. ஆயினும் ஓர் ஏழைக்கு விரைந்து கடன் தருவதன் நட்டத்தை மற்றோர் ஏழையின் தலையில் கட்டுவது அறமாகாது. விரைவினால் இலாபம் பெறுபவனே அதன் நட்டத்தையும் ஏற்கவேண்டும்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் கடன் தகவல் பணியகத்தை நிறுவியது. ‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என்று மக்கள் அதை ஒரு தீர்ப்பாகவே அஞ்சுகின்றனர். பணியகம் தருவது அறிக்கை மட்டுமே. கடனை மறுப்பது நிறுவனத்தின் முடிவு. தமது அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். பிழையிருப்பின் திருத்தக் கோரலாம். பிரதியின் குறுக்கே அதன் நோக்கத்தையும் திகதியையும் எழுதிக் கொடுக்கலாம். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதிருக்கலாம். ஆசிரியர்கள் இவற்றை வகுப்பிலும் வாசகசாலையிலும் சொல்லிக்கொடுப்பது நன்று.

ஆனால் எச்சரிக்கையை மட்டும் போதித்தால், திருடப்பட்டவரையே குற்றவாளியாக்கிவிடுவோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. நம் பிரதிகளைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றுக்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்பதை நாம் தனித்தனியாகக் கேட்டால் எவர் காதிலும் விழாது. தொழிற்சங்கமும் ஆசிரியர் சங்கமும் மாதர் சங்கமும் அதைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக எழுதிக்கொள்ளட்டும்.