வலிக்காத கால்

கால் வலிக்கிறது என்று வருபவரைவிட, வலியே தெரியவில்லை என்பவரைப் பார்த்துத்தான் சர்க்கரை நோய் மருத்துவருக்குக் கவலை அதிகம். "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு டாக்டர். செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம தெருமுனை வரைக்கும் வந்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை அது வளையும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். வெறும் 10 கிராம் அழுத்தம். அது உறைக்கவில்லை என்றால் நரம்பு பழுதாகிவிட்டது. நரம்பை விட்டுவைக்காத சர்க்கரை விழித்திரையையும் சிறுநீரகத்தையும் மட்டும் விட்டுவைத்திருக்குமா? அதனால்தான் காலைக் காட்டப் போனவருக்குக் கண் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதித் தருகிறார்கள்.

மரத்துப்போன கால் என்ன பாடுபடும் என்பதைத் தொழுநோய்தான் முதலில் சொல்லிக்கொடுத்தது. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் முள் குத்தியதும் சூடு பட்டதும் கவனிக்கப்படாமல் புண்ணாகி, அந்தப் புண்ணின் மேலேயே நடந்து நடந்து கால் குறைகிறது. பிறகு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அவர் அதையே கண்டார். இன்று சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, தொழுநோயாளிகளுக்காகத் தைக்கப்பட்டு வந்ததுதான்.

வீக்கம் வேறு விஷயம். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்த குழி அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையாலும் கால் வீங்கும்; அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் வயசாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் இதயத்துக்குப் போவதும் அடைபட்டிருக்க வாய்ப்புண்டு.

சர்க்கரை இருப்பவர்கள் கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், காலையில் போய்க்கொள்ளலாம். வெந்நீரின் சூட்டைக் காலை விட்டுப் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரனைக் கூப்பிடலாம். அவனுக்குக் கூச்சம் இருக்காது, தாத்தாவுக்குத்தான்.