முடிந்தது என்னும் சொல்

ஒரு வேலை முடிவதற்கு முன்னரே அது முடிந்துவிட்டதென்று சொல்லலாமா? ‘கூடாது, அது பொய்’ என்று எவரும் உடனே விடை கூறிவிடுவர். ஆயினும் நாள்தோறும் அவ்வாறு சொல்லியே நமக்கு ஊழியம் செய்யும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கணிப்பொறி.

ஒரு கோப்பினைப் பென் டிரைவில் பதியுமாறு நாம் பணிக்கின்றோம். பதியும் கருவியோ மெதுவானது. கணிப்பொறியின் நினைவகமோ மிக விரைவானது. ஆதலின் லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் செய்தியை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று விடை தந்துவிடுகின்றன. உண்மையான எழுத்து பின்னரே நடைபெறுகின்றது. இது ஒருவகைக் கடன். சொல் முந்துகின்றது, செயல் பிந்துகின்றது.

இதனை வஞ்சனை என்று தள்ளிவிட இயலாது. ஒவ்வோர் எழுத்துக்கும் கருவியின் வேகத்தை எதிர்பார்த்து நின்றால் வேலை நடவாது. தவணையும் நாணயமும் இல்லாத கடைத்தெரு உண்டோ? கடன் ஆகுமானதே. ஆனால் அதற்கு வரம்பு வேண்டும். லினக்ஸிலும் அவ்வரம்பு உண்டு. நினைவகத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை நிலுவை சேரலாம். அதனைக் கடந்தால் எழுத வரும் நிரல்கள் காத்து நிற்க வேண்டும்.

சிக்கல் பிறந்தது இங்கேதான். பழைய 32 பிட் இயங்குதளத்தில், மொத்த நினைவகம் எவ்வளவு இருந்தாலும், ஏறத்தாழ 900 மெகாபைட் கொண்ட ஒரு பகுதியை வைத்தே வரம்பு கணக்கிடப்பட்டது. எனவே நிலுவை 180 மெகாபைட் அளவில் நின்றது. 64 பிட் இயங்குதளத்துக்கு மாறியதும் முழு நினைவகமும் கணக்கில் வந்தது. 16 ஜிகாபைட் உடைய கணிப்பொறியில் நிலுவை 3 ஜிகாபைட்டையும் தாண்டலாயிற்று. வினாடிக்கு 10 மெகாபைட் எழுதும் பென் டிரைவ் முன்னைய நிலுவையை 18 வினாடிகளில் தீர்த்துவிடும். பின்னையதைத் தீர்க்க 5 நிமிடங்களுக்கு மேலாகும். அதற்குள் எழுத முயலும் பிற நிரல்களும் உறைந்து நிற்கக்கூடும். அந்நிலையில் சிக்கிய நிரலை வலிந்து நிறுத்துவதும் எளிதன்று. 2013ஆம் ஆண்டில் லினக்ஸை உருவாக்குவோரிடையே இக்குறை பெரிதும் விவாதிக்கப்பட்டது. வாங்கி வைக்கும் இடம் பெருகிற்று. கொடுத்துத் தீர்க்கும் கை பெருகவில்லை. நோய் இவ்வளவே.

இந்நோய் கணிப்பொறிக்கு மட்டுமா? பெருநாளை முன்னிட்டுத் துணி வாங்கும் தையற்காரரை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு அவரிடம் இருந்தது ஓர் அலமாரி, இவ்வாண்டு நான்கு. தையல் இயந்திரம் ஒன்றே. அலமாரியில் இடமிருக்கின்றது என்பதற்காகவே வருவோர்க்கெல்லாம் ‘ஆகட்டும்’ என்கின்றார். பெருநாள் இரவில் தவிப்பவர் அவர் மட்டுமல்லர். ஒரே ஒரு சட்டையை ரமலான் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்ட ஏழைச் சிறுவனும் அக்கூட்டத்தில் நின்று அழுகின்றான். அளவு மீறிய வாக்கின் கொடுமை இதுவே: அதன் விலையைப் பெரும்பாலும் குற்றமற்றவர்களே செலுத்துகின்றனர்.

மற்றோர் இடரும் உண்டு. நிலுவை தீருமுன் மின்சாரம் நின்றுவிட்டால், ‘எழுதியாயிற்று’ என்று சொல்லப்பட்டது எழுதப்படாமலே அழிந்துபோகும். மனிதனுக்கும் அவ்வாறு ஒரு நேரம் உண்டு. அதனை எவரும் அறியார். கடனைத் தீர்க்க வழியின்றி இறந்த ஒருவருக்கு, அக்கடனைத் தோழர் ஒருவர் ஏற்றுக்கொள்ளும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தாதிருந்ததை நாம் அறிவோம். பொருட்கடன் மட்டுமே கடன் என்று எண்ணி, வாக்குக் கடனை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டால் ‘இன்ஷா அல்லாஹ் சொன்னேனே’ என்கின்றோம். முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது என்னும் பணிவே அச்சொல்லின் பொருள். செய்ய எண்ணமில்லாதவன் ஒளிந்துகொள்ளும் திரையாக அதனை ஆக்குவது எத்துணைப் பெரிய அநீதி!

லினக்ஸில் இதற்குக் கண்ட வழிகளும் எண்ணத்தக்கவை. நிலுவையை விழுக்காட்டில் அன்றி, இத்தனை பைட் என்று அறுதியிடும் வசதி 2009இலேயே வந்துவிட்டது. 2017இல் வெளியான 4.10 பதிப்பில், பின்னணியில் நடைபெறும் எழுத்து மற்ற வேலைகளை அமிழ்த்திவிடாதபடி அதனை மட்டுப்படுத்தும் ஏற்பாடும் சேர்ந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஏற்கும் இடத்தை அல்ல, தீர்க்கும் வலிமையைப் பார்.

ரமலான் பிறை 15இல் ‘இனித் துணி வாங்குவதற்கில்லை’ என்று பலகை மாட்டும் தையற்காரரைச் சிலர் கர்வி என்று ஏசக்கூடும். ஏசட்டும். பெருநாள் காலையில் அந்தச் சிறுவன் புதுச் சட்டை அணிந்து தொழுகைக்குச் செல்வான். வாக்கை ஓர் அமானிதமாகக் கருதுகிறவன், ‘முடியாது’ என்று சொல்லவும் கற்றிருக்க வேண்டும்.