பொருந்துதல் பற்றி

ஒரு ஜீன்ஸ் எனக்குப் பொருந்தவில்லை என்று சொல்லும்போது நான் எதைப் பற்றிச் சொல்கிறேன்? துணியைப் பற்றியா, உடம்பைப் பற்றியா? கடையில் போட்டுப் பார்த்து வாங்கும்போது இந்தக் கேள்விக்கு அவசியமில்லை. பொருந்தாததைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறோம். விவகாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கும்போது வரிசை தலைகீழாகிறது. முதலில் என்னை நான் ஓர் எண்ணாக அறிவித்துக்கொள்ள வேண்டும், பிறகு பணம், உடுத்துவது கடைசியில்தான். இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடிக்கிறது. தொடைக்குச் சரியானதில் இடுப்புக்குப் பின்னால் ஒரு கை நுழைகிறது. திருப்பி அனுப்பக் காரணம் கேட்கும் இடத்தில் 'சிறியது', 'பெரியது' என்றிருக்கிறது. எதைவிடச் சிறியது என்று இல்லை. அந்த மௌனத்தில் குற்றம் மெல்ல உடம்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களை நான் அறிவேன். அளவைத் திருத்த வேண்டும் என்று சொல்பவர் குறைவு.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. ஒரு பொதுவிதியும் ஒரு தனி உயிரும் ஒத்துவராதபோது எது மாற வேண்டும் என்பது அறவியலின் பழைய கேள்வி. இங்கே அது கால்சட்டை உருவத்தில் வந்திருக்கிறது.

அளவு என்பது இயற்கையில் கிடக்கும் பொருளல்ல. அதற்குச் சரித்திரம் உண்டு. 1939-40ல் அமெரிக்க விவசாயத் துறைக்காக ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். வெள்ளையரல்லாதவர்களின் அளவுகள் முடிவில் சேர்க்கப்படவில்லை. யாருடைய உடம்பு உடம்பாக எண்ணப்படும் என்பது கணக்குப் போடுமுன்பே தீர்மானமாகிவிட்டது. பின்னர், தபால் மூலம் துணி விற்ற வியாபாரிகளின் சங்கம், ஆளுக்கொரு அளவாக இருந்த குழப்பம் தாங்காமல் அரசின் தர நிர்ணய அமைப்பை அணுகியது. பெரும்பாலும் அந்தப் பழைய அளவுகளின் மேலேயே 1958ல் ஒரு தரநிலை வெளியாயிற்று. 1983ல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: பொது அளவைக் கேட்டவர் உடுத்துபவர் அல்ல, உடுத்துபவரைப் பார்க்காமல் விற்க விரும்பியவர்.

அந்தப் பொது உடம்பு எங்கேயாவது இருக்கிறதா? அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்து 1952ல் அறிக்கை தந்தார். நெஞ்சு, இடுப்பு, கை நீளம் என்று பத்து அளவுகள். பத்திலும் சராசரியை ஒட்டி இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதன் எல்லோரிலிருந்தும் எடுக்கப்பட்டவன். ஆனால் அவர்களில் ஒருவனல்ல. ஜீன்ஸ் தைப்பவர்களும் அவனுக்கு உறவான ஒருவனை வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். ஒரு மாதிரி உடம்புக்கு வெட்டியதை, இடுப்பு இவ்வளவு கூடினால் தொடை இவ்வளவு கூடும் என்ற விதிப்படி பெரிதாக்கிச் சிறிதாக்கி மற்ற அளவுகளை வரைகிறார்கள். உடம்பு இந்த விதியைப் படித்துவிட்டு வளர்வதில்லை. போதாததற்கு எண்ணே நம்பத்தக்கதாக இல்லை. 32 என்று அச்சிட்ட இடுப்பை டேப் வைத்து அளந்தால் 34 வருவதுண்டு. வாங்குபவரின் மனம் குளிரச் சொல்லப்படும் பொய் அது.

இந்த இடத்தில் டெய்லரை நினைத்துப் பெருமூச்சு விடுவது சுலபம். அகமதாபாத்தின் அரவிந்த் மில்ஸ் 1995ல் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்றது. டெனிம் துணி, ஜிப், ரிவெட், முத்திரைப் பட்டை எல்லாம் ஒரே பொட்டலத்தில். ஊர் டெய்லரிடம் கொடுத்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். உலகப் பொது உடையைத் தெருமுனை டேப்புக்குப் பணியவைத்த யோசனை அது. டெய்லருக்கு உடம்பு ஒரு விலகல் அல்ல. ஒரு தோள் இறங்கியிருந்தால் துணியை அதற்கேற்ப வெட்டுவாரே தவிர, தோளைக் குறை சொல்லமாட்டார்.

ஆனால் அதைப் பொற்காலமாக்க எனக்குச் சம்மதமில்லை. அளவெடுப்பது ஒரு பார்வை. பார்வைக்கு அதிகாரம் உண்டு. டேப் பிடித்த கைக்கும், டிரையல் ரூம் வாசலில் நின்று சைஸை உரக்கக் கூவும் குரலுக்கும் கூசாதவர்கள்தான் அந்த நாட்களுக்கு ஏங்க முடியும். தன் வீட்டில், கதவைத் தாழிட்டு, தன் கண்ணாடி முன் உடுத்திப் பார்ப்பது பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஒரு விடுதலை. எண் நம்மைப் பார்ப்பதில்லை. அதனால் அது நம்மை அவமதிப்பதுமில்லை, அறிவதுமில்லை. சிக்கல் இங்கேதான். பொருந்த வேண்டுமானால் யாராவது நம்மைப் பார்த்தாக வேண்டும். பார்வையிலிருந்து தப்ப வேண்டுமானால் பொருத்தத்தை இழக்க வேண்டும்.

இதற்கு நம் வீடுகளில் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது: அளவு ஜாக்கெட். நன்றாக அமைந்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்பி, அதன்படி புதியதைத் தைக்கச் சொல்வது. உடம்பு டேப்புக்கு முன் நிற்க வேண்டியதில்லை. சராசரிக்கும் அங்கே வேலையில்லை. உடம்பின் சார்பில், அதனோடு வாழ்ந்த ஒரு துணி சாட்சி சொல்கிறது. ஆன்லைனில் ஜீன்ஸ் வாங்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நன்றாக அமைந்த ஜீன்ஸை பட்டன் போட்டுத் தரையில் விரித்து, இடுப்பு, தொடை, கவட்டிலிருந்து இடுப்புப் பட்டை வரை உயரம், உள்தையல் நீளம், கால்வாய் அகலம் ஆகியவற்றை அளந்து, விற்பவர் தரும் துணியின் அளவோடு ஒப்பிட வேண்டும். உடம்பின் அளவோடு அல்ல. துணியின் அளவைத் தராதவரிடம் வாங்காமலிருக்கலாம். இலக்கியத்தில் 'அளவுகோல்' என்று கூச்சமின்றிப் பேசுகிற நாமும், நம் கையிலிருப்பது மாதிரி உடம்பா, அளவு ஜாக்கெட்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. அது அறிந்தது நேற்றைய உடம்பை. பிரசவமும் நோயும் வயதும் அதற்குத் தெரியாது. மேலும் டெனிமில் பொருத்தம் என்பது வாங்கிய அன்றே முடிந்துவிடுவதல்ல. வெறும் பருத்தி டெனிம் முதலில் முரண்டு பிடித்து, பிறகு இளகி, முழங்காலுக்குப் பின்னும் தொடைச் சந்திலும் நம் மடிப்புகளை வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்தைக் காத்திருக்க மனமில்லாதவர்களுக்காக, வாழப்படாத வாழ்க்கையின் தேய்மானத்தையும் ஆலைகளில் செய்து விற்றார்கள். துணியை வெளுக்க மணலைப் பீய்ச்சியடித்த துருக்கியத் தொழிலாளிகளுக்கு சிலிக்கோசிஸ் வந்தது, பலர் இறந்தார்கள். 2009ல் அங்கே அம்முறை தடை செய்யப்பட்டது. நமக்கு முன்கூட்டியே இளகிய துணி வேண்டுமென்றால், முரட்டுத்தனத்தை வேறு யாரோ ஏற்கிறார்கள். மூன்று அளவில் வரவழைத்து இரண்டைத் திருப்புகிறவரும் அந்த இரண்டையும் மாடியேறிச் சுமப்பவரைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கேள்விக்கு வருகிறேன். தமிழில் 'எனக்கு இது பொருந்தவில்லை' என்கிறோம். எழுவாய் ஜீன்ஸ், நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். பொருந்துகிற பொறுப்பை மொழி பொருளின் மேல்தான் வைத்திருக்கிறது. அந்த வாக்கியத்தை மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளாமலிருப்பது, கண்ணாடி முன் தனியாக நிற்கும்போது, அவ்வளவு சுலபமல்ல.