பேர் பதியாத சாவுகள்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டினேர் விமானம், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலே சப்த கன்னியர் மலையில் மோதியது. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்து, கட்டுநாயக்கா விமான நிலையம் நெருங்கிவிட்டதென்று நம்பி உயரத்தைக் குறைத்திருந்தார்கள். பயணிகள் 182, பணியாளர்கள் 9. ஒருவரும் பிழைக்கவில்லை.

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வழியாக அந்தப் பக்கம் போகிறவர்கள் விமானத்தின் சக்கரமொன்று நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். நம் மொழி தெரியாத, நாம் முகம் பாராத மனிதர்களுக்கு இந்த மலை காட்டும் மரியாதை அது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் அதன் முன்னே நிற்கும்போதெல்லாம் அதே ஆண்டின் வேறு சாவுகள் மனத்தை அறுக்கின்றன.

1973இன் பிற்பகுதியிலிருந்து பங்கீட்டு அரிசி வெட்டுப்பட்டது. கோதுமை மாவும் அருகியது. ரொட்டியை நம்பியே அடுப்பு மூட்டிய தேயிலைத் தோட்ட லயங்களுக்கு அதற்கு மாற்று இல்லை. கிராமத்தானுக்கு வயலோ, ஒரு பலாமரமோ இருந்தது. தோட்டத்துச் சனமான நமக்குச் சொந்தமென்று ஒரு முழம் மண்கூட இல்லை. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது. அதை 'பஞ்ச காலம்' என்று சொல்லி, அதற்குமேல் பேச விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே ஆண்டு ஜனவரியில்தான், குடியுரிமை பற்றிய 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் தீராமல் நின்ற நம்மவர் 1,50,000 பேரை இரு நாட்டுப் பிரதமர்களான ஸ்ரீமாவோவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று கணக்கிட்ட இரண்டு அரசுகளும், அனுப்பப்பட வேண்டியவர்கள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

நம் வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, அந்தப் பேருக்காகவே உழைத்த சனம் இது. கூடையிலிருந்த கொழுந்து மாலைதோறும் தராசில் ஏறியது. பறித்தவளின் உடல் இளைத்ததை நிறுக்கத் தராசு இருக்கவில்லை. இறந்தவர்கள் புள்ளிவிவரத்தில் ஒரு வீதமாக இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களைத் தாங்கிய கல்லொன்று இதுவரை என் கண்ணில் படவில்லை.

தேயிலைக்கு நடுவே இருக்கும் மயானங்களில் அந்த ஆண்டின் மண்மேடுகள் மழையில் கரைந்து மானாப்புல் மூடிக் கிடக்கின்றன. எந்தக் குழி யாருடையது என்று கைகாட்டத் தெரிந்த கிழவிகளும் ஒவ்வொருவராக அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.