யூனா மாறிவிட்டாள் என்றார்கள்

2023இல் ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் பதினாறாம் விளையாட்டை ஆடத் தொடங்கி நாலைந்து மணி நேரம் ஆனதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இது துரோகம்" என்று சொன்னேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே தொடரைப் பற்றி இதே சொல்லை என் அண்ணனும் அவன் நண்பர்களும் சொன்னபோது நான் சிரித்தவள். சிரித்ததோடு நிற்காமல், அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று பாடமும் எடுத்தவள். அன்று அவர்களுடைய கோபம் ஆணாதிக்கம், இன்று என்னுடைய கோபம் நியாயம் என்று எப்படிச் சொல்வது?

வீடியோ கேம் ஆடாத தோழிகளும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூட வர வேண்டும். "நீ முன்ன மாதிரி இல்ல" என்ற குற்றச்சாட்டை நம்மில் பலர் ஒருமுறையாவது கேட்டிருப்போம். நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

ஃபைனல் ஃபேன்டஸி 1987இல் ஜப்பானில் ஸ்குவேர் நிறுவனத்தில் ஹிரோனொபு சகாகுச்சி உருவாக்கியது. எண் போட்டு வரும் ஒவ்வொரு விளையாட்டிலும் உலகம் புதிது, மனிதர்கள் புதிது, கதை புதிது. தொடர்ந்து வருபவை என்று பார்த்தால் சொகோபோ என்ற சவாரிப் பறவை, சிட் என்ற பெயருள்ள ஒருவர், சில இசைத் துணுக்குகள், பளிங்குக் கற்கள். நீண்ட காலம் இன்னொன்றும் தொடர்ந்தது: சண்டை வந்தால் ஒரு குழுவாக நிற்போம், ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நாம் பட்டியலிலிருந்து தேர்ந்து சொல்வோம், அவரவர் முறை வரும்போது செய்வார்கள். 1991இல் வந்த நான்காவதில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. 2002இல் பதினொன்றாவது இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டாகவே ஆனது. 2016இல் பதினைந்தாவது, நான்கு ஆண்கள் காரில் ஊர் சுற்றும் ஆக்‌ஷன் விளையாட்டு. இத்தனை முறை மாறிய ஒன்றைப் பார்த்து "இது ஃபைனல் ஃபேன்டஸியே இல்லை" என்று சொல்வதற்குக் கறாரான அடிப்படை எதுவும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள்.

அண்ணன் சொன்னது 2003இல் வந்த பத்து-இரண்டைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள 2001இல் வந்த பத்தாவதின் கதை தெரிய வேண்டும். ஸ்பிரா என்ற உலகத்தைச் சின் என்ற பேருயிர் அழித்துக்கொண்டே இருக்கிறது. யூனா என்ற பதினேழு வயதுப் பெண் புனித யாத்திரை போய் அதை வீழ்த்தப்போகிறாள். வீழ்த்தினால் சில ஆண்டுகள் அமைதி கிடைக்கும். அவள் செத்துப்போவாள். அவள் அப்பாவும் அப்படிச் செத்தவர்தான். கூட நடக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். வெளியிலிருந்து வந்த டீடஸ் என்ற பையனுக்கு மட்டும் தெரியாது. நமக்கும் தெரியாது. வழியெல்லாம் ஊர்மக்கள் அவளை வணங்குகிறார்கள், வாழ்த்துகிறார்கள், சாக அனுப்பிவைக்கிறார்கள். கடைசியில் அந்தப் பலி மறுபடி மறுபடி கேட்கப்படும் ஒரு பொய் என்று தெரியவரும்போது யூனா மறுத்துவிடுகிறாள். எனக்குத் தெரிந்து கோயிலும் ஊரும் சேர்ந்து ஒரு பெண்ணிடம் தியாகம் கேட்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய வேறு விளையாட்டு இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து நடப்பதாக வந்தது பத்து-இரண்டு. தொடரின் முதல் நேரடித் தொடர்ச்சி. யூனா நீண்ட அங்கியைக் கழற்றிவிட்டாள். அரைக்கால் சட்டை, கையில் இரண்டு துப்பாக்கி, ரிக்கு, பெய்ன் என்று இரண்டு தோழிகள். குழுவில் மூன்று பேர், மூன்று பேரும் பெண்கள். சண்டை நடுவே உடை மாற்றினால் திறமையும் மாறும். தொடக்கக் காட்சியில் மேடையில் ஆடிப் பாடுகிறாள்.

"யூனாவ நாசம் பண்ணிட்டாங்க" என்றான் அண்ணன். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 முன்னால் அவனும் நண்பர்களும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு அடக்கமான பெண், இப்படிப் பண்ணிவிட்டார்களே. பொம்மைக்கு உடை மாற்றுகிற மாதிரி இருக்கிறதே, இது பொட்டப்பிள்ளை விளையாட்டு.

இந்த உடை விஷயத்தில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. தொழிலை மாற்றினால் திறமை மாறும் என்ற ஏற்பாடு 1990இல் மூன்றாவதிலேயே வந்துவிட்டது. 1992இல் ஐந்தாவதில் அதுதான் உயிர்நாடி. அங்கேயும் தொழில் மாறினால் உடை மாறும். அதை அண்ணன் 'ஸ்ட்ராடஜி' என்பான். அதையே மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டு செய்தால் பொம்மை விளையாட்டு. இன்னொன்று: தொடக்கத்தில் மேடையில் ஆடுவது யூனாவே அல்ல. அவளுடைய உடைப்பலகையைத் திருடி அவள் உருவத்தில் நிற்கும் லெப்ளாங்க் என்பவள். அசல் யூனா அதைத் திரும்பப் பறிக்க ஓடி வருகிறாள். அன்று எங்கள் வீட்டில் முதல் பத்து நிமிடத்திலேயே கண்டனம் முடிந்துவிட்டதால் இதைக் கவனிக்க ஆள் இல்லை.

அன்று நான் சொன்னது இதுதான்: அவள் சாகப் போனபோது உங்களுக்குப் பிடித்திருந்தது. சாகாமல் பிழைத்து, பத்தொன்பது வயதில் கொஞ்சம் கூத்தடித்தால் பிடிக்கவில்லை. இன்றும் இதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சொல்லாமல் விட்டதும் உண்டு. யூனா உயிருள்ள பெண் அல்ல. தானே அங்கியைக் கழற்றவில்லை. அரைக்கால் சட்டை போட்டுவிட்டது ஒரு நிறுவனம். அந்த உடைகளில் சில யாருடைய கண்ணுக்காகத் தைக்கப்பட்டவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாறியவளுக்கு நான் கொடுத்த ஆதரவில் பாதி, விற்பனைத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பதினாறாவதில் பட்டியல் இல்லை, முறை இல்லை. கிளைவ் என்ற ஒரே ஆண் வாளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். சண்டையை வடிவமைத்தவர் 'டெவில் மே க்ரை' என்ற அதிரடி விளையாட்டில் பேர் வாங்கியவர். கிளைவோடு ஜில் என்ற பெண் வருகிறாள். பனியின் ஆற்றல் கொண்டவள்; சிறு வயதில் பிணையாகக் கொடுக்கப்பட்டு, பிறகு இன்னொரு நாட்டாரிடம் சிக்கி, ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டவள். அவள் பழிதீர்க்கும் காட்சியை நாம் பார்க்கலாம், ஆட முடியாது. கதை முழுவதும் அவள் பக்கத்தில் நின்று தானாகச் சண்டை போடுவாள், அவளிடம் எதுவும் சொல்ல வழி இல்லை. கூடவே டார்கல் என்ற நாய் வருகிறது. நாய்க்குக் கட்டளை கொடுக்கலாம். தாக்கு என்றால் தாக்கும், குணப்படுத்து என்றால் குணப்படுத்தும். இதைக் கண்டுபிடித்த நிமிடத்தில்தான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

இதற்கு முன்பும் ஒற்றை ஆண் நாயகர்கள் இருந்தார்கள். ஆனால் குழு என்று ஒன்று இருந்தவரை, நாயகன் யாராக இருந்தாலும் சண்டையில் அவன் முறை முடிந்ததும் அடுத்தவள் முறை வந்தே தீரும். அந்த நேரம் நான் யூனாவாக இருந்தேன், லுலுவாக இருந்தேன். ஆறாவதில் டெர்ராவாகவும் செலஸாகவும் இருந்தேன். கதை எழுதியவர்கள் பெண்ணுக்குப் பெரிய இடம் தராவிட்டாலும், முறை என்ற விதி தந்தது. அந்த விதியை எடுத்ததும் ஜில் வெறும் பார்வைப் பொருளாகிவிட்டாள்.

இதில் இன்னும் சொந்தமான காரணமும் இருக்கிறது. மகள் பிறந்த வருடம் பத்தாவதை நான் மறுபடி முழுக்க ஆடினேன். அதில் நாம் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி அசையமாட்டான். ஒரு கையில் பால் குடிக்கும் குழந்தை, மறு கையில் கன்ட்ரோலர், ஒரே கட்டைவிரலில் சண்டை. குக்கர் விசிலடித்தால் எழுந்து போய் வரலாம். எந்த விளையாட்டையும் நிறுத்திவைக்கலாம்தான். ஆனால் வேகச் சண்டையை நிறுத்திவிட்டு வந்தால் கை சூடாறிப் போயிருக்கும். முறைச் சண்டை விட்ட இடத்தில், விட்ட யோசனையோடு காத்திருக்கும். அந்த ஒரு வருடத்தில் எனக்காகக் காத்திருந்தது அது மட்டும்தான் என்றுகூடச் சொல்வேன். ஆகவே அது போனபோது ஏதோ என்னிடமிருந்து பிடுங்கப்பட்டதாகத் தோன்றியது.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். கல்லூரியில் முதல் வருடம். அவளுக்கு இந்தத் தொடரில் பதினாறாவதுதான் முதலாவது.

"சித்தி, உங்க கேம்ல எல்லாரும் ரேஷன் கடை க்யூ மாதிரி நின்னு ஒவ்வொருத்தரா அடிக்கிறாங்க. எனக்குத் தூக்கம் வருது" என்றாள். "நீங்க ஆடினதுதான் பொம்பளைங்க கேம், நான் ஆடுறது ஆம்பளைங்க கேமா?"

பதில் வரவில்லை. என் வாதம் எங்கே போய் முட்டுகிறது என்று அவள்தான் காட்டினாள். பெண்ணுக்கு நிதானம், ஆணுக்கு வேகம் என்று நானே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் என்னுடையதைவிட நாலு மடங்கு வேகம். நான் திணறித் தோற்ற சண்டைகளை அவள் கடலை கொறித்துக்கொண்டே முடித்தாள். விளையாட்டின் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிதா, கட்டளை தேர்ந்து ஆடும் முறை இளையவர்கள் பலருக்கு ஈர்ப்பாக இல்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன இளையவர்களில் ஒருத்தி என் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆனெட் பேயர் என்ற தத்துவவாதி 1986இல் நம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறவியலில் பேர்பெற்ற ஆண்கள் பலர் ஒப்பந்தத்தையே மையமாக வைத்துச் சிந்தித்தார்கள், குழந்தையோடும் பெண்களோடும் புழங்காத வாழ்க்கை அதற்கு ஒரு காரணம் என்று அதில் கிண்டலும் உண்டு. எனக்கு உதவியது அவர் செய்யும் ஒரு பிரிவினை. ஒருவரைச் சார்ந்திருப்பது வேறு, நம்புவது வேறு என்கிறார். கான்ட் தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போவதைப் பார்த்துக் கடிகாரம் வைத்துக்கொண்ட அண்டைவீட்டார், அவர் ஒருநாள் தூங்கிவிட்டால் ஏமாற்றம் அடையலாம். ஆனால் துரோகம் என்று சொல்ல முடியாது. அவர் நடந்தது அவர்களுக்காக அல்ல.

அண்ணன் யூனாவிடம் எதிர்பார்த்தது கான்ட்டின் நடை மாதிரிதான். அவள் அவனுக்காக அடக்கமாக இருக்கவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதேதான் என்று ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்குவேர் எனக்காகக் காத்திருக்கும் சண்டையை உருவாக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஆடுவாள் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். அந்தக் காலத்துக் கருவிகளுக்கும் அந்தக் காலத்து ரசனைக்கும் அது பொருந்தியது. தற்செயலாக எனக்கும் பொருந்தியது. தற்செயலை வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டேன். துரோகம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதனால் குறையும் போய்விடுமா? போகாது என்றுதான் நினைக்கிறேன். என் அண்ணனின் புகார் ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றியது. என்னுடைய புகார் யாரெல்லாம் உள்ளே வரலாம் என்பது பற்றியது. மற்றொரு ஜப்பானியத் தொடர் எதிர்த்திசையில் மாறியதைப் பார்த்தபோது எனக்கு இது துலங்கியது. 2005இல் தொடங்கிய 'யாக்குசா' தெருச்சண்டை விளையாட்டு. முஷ்டியும் மிதிவண்டியும் பறக்கும். 2019 ஏப்ரல் முதல் தேதி, முறைவைத்துச் சண்டை போடும் ஒரு காட்சியை வெளியிட்டார்கள். முட்டாள் தினக் கேலி என்று எல்லோரும் சிரித்தார்கள். சில மாதங்களில் அதுதான் அடுத்த விளையாட்டு என்று அறிவித்தார்கள். பழைய ரசிகர்கள் வெகுண்டார்கள். 2020இல் அது வந்தபோது, இச்சிபான் கசுகா என்ற புதிய நாயகன் தனியாக இல்லை, குழு இருந்தது. அந்தக் குழுவில் சயேகோ என்ற பெண் இருந்தாள், மதுக்கூடத்தில் வேலை பார்த்தவள், கைப்பையால் அடிப்பாள். ஒற்றை ஆளின் முஷ்டிக்குள் அவளுக்கு இடம் இருந்திருக்காது. அங்கே முறை வந்ததும் அவளும் வந்தாள்.

அதற்காக வேகம் என்றாலே பெண்ணுக்கு இடமில்லை என்று அர்த்தமில்லை. 2020இல் வந்த ஏழாவதின் மறுஆக்கம் வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் டீஃபாவாகவும் ஏரித்தாகவும் மாறி மாறி ஆடலாம், கட்டளையும் கொடுக்கலாம். ஆகவே வேகத்தைத் தேர்ந்தவர்கள் ஜில்லை விட்டிருக்க வேண்டியதில்லை. அது தனியாக எடுக்கப்பட்ட முடிவு.

பதினாறாவதை நான் முடிக்கவில்லை. சண்டையை எளிதாக்கும் மோதிரங்களைப் போட்டுக்கொண்டு பாதிவரை போனேன். மீதியை அக்கா மகள் ஆட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இறுதிப் போருக்குக் கிளைவும் அவன் தம்பியும் இன்னொரு ஆணும் பறந்து போகிறார்கள். ஜில் கீழே நின்று வானத்தைப் பார்க்கிறாள். அக்கா மகள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ தூரம் கூட வந்தவ. அவளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல சித்தி?"