பிள்ளைகளுக்கு எந்த அளவுகோல்?

சகோதரர்களே! எண்ணெயை முழக்கோலால் அளப்போமா? பிள்ளைகளை மட்டும் மார்க்கு ஒன்றாலேயே அளக்கிறோம். ஆறாம் வகுப்பு யூ.பி.எஸ்.ஆர். பரீட்சையை 2021-ல் அரசாங்கமே எடுத்துவிட்டது, கெப்பாலா பத்தாஸ் கடைகளில் இன்றும் "எத்தனை ஏ?" என்பதே பேச்சு.

பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). அவற்றைப் பிலாலுக்குச் சொல்லிக்கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். குரல்வளம் பிலால் (ரலி) அவர்களிடமே இருந்தது. போருக்கு வயது போதாதெனத் திருப்பியனுப்பப்பட்ட ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களோ, நாயகத்தின் ஏவலால் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றார்கள். பின்னாளில் குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பே அவர்கள் கைக்கு வந்தது.

உங்கள் மகன் கணக்கில் தடுமாறலாம். வாடிக்கைக்காரரிடம் மூன்று பாஷையில் பேசுகிறானே, படுக்கையிலிருக்கும் பாட்டியாருக்குக் கஞ்சி ஊட்டுகிறானே, அதைக் கண்டீர்களா? கண்டால், அவன் காதில் விழும்படி இன்றே சொல்லுங்கள்.